சிகாகோவில் ஒரு சனிக்கிழமை: 1912-ல் ரூஸ்வெல்ட் முன் இருந்த வழிகள்

1912 ஜூன் 22, சனிக்கிழமை. சிகாகோவின் கொலிசியம் மண்டபத்தில் குடியரசுக் கட்சி மாநாடு அப்போதைய அதிபர் வில்லியம் ஹோவர்ட் டாஃப்டையே மறுபடி அதிபர் வேட்பாளராகத் தேர்ந்தெடுத்தது. 344 பிரதிநிதிகள் யாருக்கும் வாக்களிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அன்று இரவு அவர்களில் பலரும் அவர்களோடு ஒரு பெரிய கூட்டமும் ஆர்கெஸ்ட்ரா ஹாலுக்குப் போனார்கள். அங்கே தியோடர் ரூஸ்வெல்ட் மேடையேறினார். வயது 53. ஏழரை ஆண்டு அதிபராக இருந்து, தானாகவே பதவியை விட்டுப் போனவர். ஊருக்குத் திரும்பி மக்களைக் கேளுங்கள், புதுக் கட்சி வேண்டும் என்று அவர்கள் சொன்னால், என்னை அழைத்தால், நான் நிற்கிறேன் என்றார்.

இந்தக் காட்சியை முதன்முதலில் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. கொள்கைக்காகக் கட்சியையே உதறிய மனிதர் என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு 1912-க்கு முன்னும் பின்னும் நடந்தவற்றைச் சேர்த்துப் படித்தபோது அந்த எண்ணம் மாறியது. அந்த இரவில் அவர் எடுத்தது வீரமான முடிவு. ஆனால் அவர் கையில் இருந்த வழிகளில் அதைவிட நல்லவை இருந்தன என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

என்னென்ன வழிகள்? 1912 தொடக்கத்தில் பேசாமல் இருந்து 1916-க்குக் காத்திருக்கலாம். விஸ்கான்சின் செனட்டர் ராபர்ட் லா ஃபாலெட்டை ஆதரிக்கலாம். கட்சிக்குள்ளேயே டாஃப்டை எதிர்த்துப் போட்டியிடலாம், தோற்றால் ஒப்புக்கொள்ளலாம். மாநாட்டில் இழுபறி வந்தால் இருவருக்கும் பொதுவான மூன்றாவது ஆளை நிறுத்தலாம். எதுவும் இல்லையென்றால் தனிக்கட்சி. இவற்றை ஒப்பிட நான் எடுத்துக்கொள்ளும் அளவுகோல், ரூஸ்வெல்ட் மறுபடி வெள்ளை மாளிகைக்குப் போயிருப்பாரா என்பதல்ல. தொழிலாளர் பாதுகாப்பு, பெரிய கம்பெனிகள் மீது அரசின் பிடி, காடுகள், சுத்தமான உணவு என்று அவர் வாழ்நாளெல்லாம் பேசிய காரியங்களுக்கு எது நல்லதாக இருந்திருக்கும் என்பதுதான்.

அதற்கு முதலில் அவர் எப்படி வளர்ந்தார் என்று பார்க்கவேண்டும்.

இதே ஊரில், 28 வருஷத்துக்கு முன்பு

1858 அக்டோபர் 27-ல் நியூயார்க்கில் வசதியான வீட்டில் பிறந்தவர். சின்ன வயதில் கடும் ஆஸ்துமா. 1880-ல் ஹார்வர்டில் படிப்பை முடித்து, 1882-லேயே நியூயார்க் மாநிலச் சட்டமன்றத்தில் உட்கார்ந்துவிட்டார். குடித்தன வீடுகளில் சுருட்டு சுற்றும் குடும்பங்களைத் தொழிற்சங்கத் தலைவர் சாமுவேல் காம்பர்ஸ் அழைத்துப் போய்க் காட்டினார். தூங்குவது, சமைப்பது, புகையிலை காயவைப்பது எல்லாம் ஒரே அறையில். அதைத் தடைசெய்யும் சட்டத்துக்கு ரூஸ்வெல்ட் ஆதரவு கொடுத்தார். சட்டம் நிறைவேறியது. 1885-ல் மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம், வீட்டின் புனிதத்தில் அரசு கைவைக்கக் கூடாது என்ற ரீதியில் அதைத் தூக்கி எறிந்தது. இந்தக் கசப்பு அவருக்குக் கடைசிவரை போகவில்லை. 1912-க்கு இது திரும்பி வரும்.

1884 பிப்ரவரி 14 அன்று, ஒரே வீட்டில், ஒரே நாளில் அவருடைய தாயும் மனைவியும் இறந்தார்கள். மனைவி ஆலிஸ் பெண் குழந்தை பெற்று இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அந்தத் துக்கம் ஆறாத நிலையில்தான், நான்கு மாதத்தில், 25 வயதுப் பிரதிநிதியாகச் சிகாகோவில் நடந்த குடியரசுக் கட்சி மாநாட்டுக்குப் போனார். ஊழல் புகார் இருந்த ஜேம்ஸ் பிளேன் வேட்பாளராகக் கூடாது என்று நண்பர் ஹென்றி கேபட் லாட்ஜுடன் சேர்ந்து போராடினார். மாநாட்டின் தற்காலிகத் தலைவராக மிசிசிப்பியைச் சேர்ந்த கருப்பினத் தலைவர் ஜான் லிஞ்ச் வரவேண்டும் என்று லாட்ஜ் முன்மொழிந்தபோது, அதை ஆதரித்து ரூஸ்வெல்ட் பேசினார். லிஞ்ச் ஜெயித்தார். அந்த ஒரு வாக்கெடுப்புதான் அவர்களுக்குக் கிடைத்த வெற்றி. கடைசியில் பிளேன்தான் வேட்பாளர்.

அப்போது சீர்திருத்தவாதிகளில் ஒரு பெரும் பகுதி கட்சியை விட்டு வெளியேறி, ஜனநாயகக் கட்சியின் குரோவர் கிளீவ்லாண்டை ஆதரித்தது. ரூஸ்வெல்ட்டும் லாட்ஜும் போகவில்லை. நேற்றுவரை கூட இருந்தவர்களே அவரைத் துரோகி என்றார்கள். அவர் பொறுத்துக்கொண்டு உள்ளேயே இருந்தார்.

அந்தப் பொறுமையிலிருந்துதான் மற்ற எல்லாம் வந்தது. 1889-ல் குடியரசுக் கட்சி அதிபர் ஹாரிசன் அவரை அரசுப் பணியாளர் ஆணையத்தில் நியமித்தார். சிபாரிசுக்கு வேலை கொடுக்கும் வழக்கத்தை ஆறு வருஷம் எதிர்த்தார். அதற்கு அப்புறம் நியூயார்க் போலீஸ் ஆணையர், கடற்படைத் துணைச் செயலர், கியூபா போர், 1899-ல் நியூயார்க் ஆளுநர். ஆளுநராக அவர் கொடுத்த தொல்லை தாங்காமல் கட்சிப் பெரும்புள்ளி தாமஸ் பிளாட் அவரைத் துணை அதிபர் பதவிக்குத் தள்ளிவிட்டார். 1901 செப்டம்பரில் அதிபர் மெக்கின்லி சுடப்பட்டு இறந்தபோது, 42 வயதில் ரூஸ்வெல்ட் அதிபரானார். உள்ளேயே இருந்தவனுக்குத்தான் கதவு திறந்தது.

நிலக்கரியும் ஒரு நாற்காலியும்

அதிபராக அவர் செய்ததையெல்லாம் இங்கே அடுக்கப்போவதில்லை. நார்தர்ன் செக்யூரிட்டீஸ் என்ற ரயில்வே கூட்டுக் கம்பெனியை 1904-ல் உச்ச நீதிமன்றத்தில் உடைத்தது, ரயில் கட்டணத்துக்கு உச்சவரம்பு வைக்க அரசுக்கு அதிகாரம் தந்த 1906-ன் ஹெப்பர்ன் சட்டம், அதே ஆண்டு ஜூன் 30-ல் ஒரே நாளில் கையெழுத்தான உணவு-மருந்துச் சட்டமும் இறைச்சிப் பரிசோதனைச் சட்டமும், சுமார் 23 கோடி ஏக்கர் நிலத்தைக் காடாகவும் சரணாலயமாகவும் காத்தது. இவை பலருக்கும் தெரிந்தவை. களங்கமும் உண்டு. 1906-ல் டெக்சாஸ் மாநிலத்தின் பிரவுன்ஸ்வில் ஊரில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்காக, விசாரணையே இல்லாமல் 167 கருப்பின வீரர்களைப் படையிலிருந்து நீக்கினார். அந்த அநீதியை ராணுவம் 1972-ல்தான் திருத்தியது.

ஆனால் 1912 முடிவை எடைபோட எனக்கு மிகவும் உதவுவது 1902-ன் நிலக்கரி வேலைநிறுத்தம். பென்சில்வேனியாவின் ஆந்த்ரசைட் சுரங்கங்களில் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் தொழிலாளர்கள் மே மாதம் வேலையை நிறுத்தினார்கள். குளிர்காலம் நெருங்குகிறது, வீடுகளில் அடுப்புக்குக் கரி இல்லை. அதுவரை அதிபர்கள் இப்படிப்பட்ட நேரத்தில் துருப்புகளை அனுப்பி வேலைநிறுத்தத்தை உடைத்துத்தான் பழக்கம். ரூஸ்வெல்ட் இரு தரப்பையும் வாஷிங்டனுக்கு அழைத்தார். முதலாளிகள் சங்கத்தோடு பேசவே முடியாது என்றார்கள். கடைசியில் ஒரு விசாரணைக் குழுவுக்கு ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அதில் தொழிற்சங்கத்துக்காரர் யாரும் இருக்கக் கூடாதாம். ராணுவப் பொறியாளர், சுரங்கப் பொறியாளர், நீதிபதி, 'புகழ்பெற்ற சமூகவியலாளர்' என்று தகுதிவாரியாகத்தான் நியமிக்க வேண்டுமாம். ரூஸ்வெல்ட் சரி என்று சொல்லிவிட்டு, ரயில்வே நடத்துநர்கள் சங்கத்தின் தலைவர் ஒருவரை அந்தச் சமூகவியலாளர் நாற்காலியில் உட்கார வைத்தார்! பேர் எதுவாக இருந்தால் என்ன, ஆள் உள்ளே வந்தால் போதும். தொழிலாளர்களுக்கு 10 சதவீத ஊதிய உயர்வும் குறைந்த வேலை நேரமும் கிடைத்தன.

இந்த மனிதரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இவர்தான் 1912-ல் ஒரு நாற்காலியில் வேறு பேர் எழுதியிருப்பதை ஏற்க மறுத்தவர்.

டாஃப்டோடு பிரிந்தது

1904 தேர்தலில் பெரும் வெற்றி பெற்ற இரவே, இன்னொரு முறை எந்தச் சூழ்நிலையிலும் வேட்பாளராக மாட்டேன் என்று ரூஸ்வெல்ட் அறிவித்தார். யாரும் கேட்காமலே கொடுத்த வாக்கு. 1908-ல் அதைக் காப்பாற்றினார். நண்பர் டாஃப்டை முன்னிறுத்தி ஜெயிக்கவைத்துவிட்டு ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போனார்.

டாஃப்டைச் சோம்பேறிப் பிற்போக்கு என்று தள்ளிவிடுவது நியாயமல்ல. சந்தையை வளைத்துப்போடும் பெரிய கம்பெனிக் கூட்டுகளான டிரஸ்டுகள் மேல் ரூஸ்வெல்ட் ஏழரை வருஷத்தில் 44 வழக்குத்தான் போட்டார், டாஃப்ட் நாலே வருஷத்தில் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. வருமான வரிக்கான அரசியல் சட்டத் திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியதும், குழந்தைகள் நலனுக்கான அரசு அலுவலகம் வந்ததும் டாஃப்ட் காலத்தில்தான். ஆனால் அவர் நீதிபதி மனம் கொண்டவர். சட்டம் சொல்லாததைச் செய்யத் தயங்குவார். 1909-ல் இறக்குமதி வரிச் சட்டத்தில் கட்சியின் பழைய ஆட்களோடு சமரசம் செய்துகொண்டார். 1910 ஜனவரியில் காட்டுத்துறைத் தலைவரும் ரூஸ்வெல்ட்டின் நெருங்கிய தோழருமான கிஃபர்ட் பின்ஷோவை வேலையிலிருந்து நீக்கினார். 1911 அக்டோபர் கடைசியில் யு.எஸ். ஸ்டீல் மீது வழக்குப் போட்டார். 1907-ல் ரூஸ்வெல்ட் தானே அனுமதித்த ஒரு கம்பெனி வாங்கலை அந்த வழக்கு குற்றமாகக் காட்டியது. அதாவது, அன்றைய அதிபர் ஏமாந்துபோனார் என்று அர்த்தம். இந்த வழக்குதான் உறவை முறித்தது என்று நினைக்கிறேன். கொள்கை வேறுபாடு இருந்தது உண்மை, ஆனால் காயம் சொந்தக் காயம்.

காத்திருப்பது, இல்லை லா ஃபாலெட்

முதல் வழிக்கு நிறைய ஆதரவு உண்டு. 1910-லேயே ஜனநாயகக் கட்சி பிரதிநிதிகள் சபையைப் பிடித்துவிட்டது. டாஃப்ட் 1912-ல் தோற்பார் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். அவரை அவர் பாட்டுக்குத் தோற்கவிட்டால், 1916-ல் கட்சி தானாகவே ரூஸ்வெல்ட் வாசலுக்கு வந்திருக்கும். அப்போதும் அவருக்கு 60 ஆகியிருக்காது. அவருடைய பழைய அமைச்சர் எலிஹு ரூட் நிற்கவேண்டாம் என்றுதான் சொன்னார். 1904-ல் கொடுத்த வாக்கைப் பற்றிய பேச்சும் நான்கு ஆண்டில் ஆறிப்போயிருக்கும்.

இதில் குறை என்னவென்றால், நாடெங்கும் சீர்திருத்தக் காற்று வீசிக்கொண்டிருந்த நேரம் அது. கட்சி வேட்பாளர் யார் என்பதில் வாக்காளர்களே நேரடியாக வாக்களிக்கும் பிரைமரி தேர்தலை மாநிலங்கள் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தன. அந்த நேரத்தில் பெரிய தலைவர் ஒதுங்கி நின்றால் களத்தில் இருப்பவர்கள் தளர்ந்துபோவார்கள். நான்கு வருஷம் கழித்துக் காற்று எந்தப் பக்கம் வீசும் என்று யாருக்குத் தெரியும்?

லா ஃபாலெட் விஷயத்தை நீட்டவேண்டாம். விஸ்கான்சின் ஆளுநராக பிரைமரி, ரயில்வே கட்டுப்பாடு என்று ரூஸ்வெல்ட்டை முந்தியே செய்துகாட்டியவர் அவர். கொள்கையில் அவரைவிட உறுதியானவர். ஆனால் மத்திய மேற்குக்கு வெளியே அவருக்குச் செல்வாக்கு குறைவு. 1912 பிப்ரவரி 2-ல் பிலடெல்பியாவில் பத்திரிகை முதலாளிகள் விருந்தில், களைப்பும் மகளின் உடல்நிலைக் கவலையும் சேர்ந்து, தடுமாறித் தடுமாறி நள்ளிரவு தாண்டியும் பேசினார். அதோடு அவர் ஆதரவாளர்கள் பலர் ரூஸ்வெல்ட் பக்கம் தாவினார்கள். அதை லா ஃபாலெட் கடைசிவரை மன்னிக்கவில்லை. ஜூன் மாநாட்டில் அவர் ஆட்கள் ரூஸ்வெல்ட் தரப்போடு கைகோக்க மறுத்தார்கள். முன்கூட்டியே அவரோடு ஒரு மரியாதையான உடன்பாடு செய்துகொண்டிருக்கலாம். செய்யவில்லை.

உள்ளே நின்று சண்டை

ரூஸ்வெல்ட் தேர்ந்தெடுத்தது மூன்றாவது வழியை. 1912 பிப்ரவரி 21-ல் ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸில் பேசினார். மாநில நீதிமன்றம் ஒரு நலச் சட்டத்தை அரசியல் சட்டத்துக்கு முரண் என்று தள்ளினால், அந்தத் தீர்ப்பை மக்கள் வாக்களித்து மாற்றலாம் என்றார். 1885-ல் சுருட்டுத் தொழிலாளர் சட்டம் செத்த கதையை மறக்காதவரின் பேச்சு அது. முந்தைய ஆண்டுதான் அதே நியூயார்க் நீதிமன்றம் தொழிலாளர் விபத்து இழப்பீட்டுச் சட்டத்தையும் தள்ளியிருந்தது. கோபம் நியாயமானது. ஆனால் பிரச்சாரத்தை அந்தப் பேச்சில் தொடங்கியது தவறு. ரூட், லாட்ஜ் போன்ற நண்பர்களும், நடுவில் நின்ற வழக்கறிஞர்களும் வியாபாரிகளும் ஒரே நாளில் மிரண்டு விலகினார்கள்.

பிரைமரிகளில் மக்கள் அவர் பக்கமே நின்றார்கள். 13 மாநிலங்களில் 9-ஐ அவர் பிடித்தார், டாஃப்டின் சொந்த மாநிலமான ஒஹையோ உட்பட. பிரைமரிகளிலிருந்து வந்த பிரதிநிதிகள் அவருக்கு 278, டாஃப்டுக்கு 48. ஆனால் மற்ற மாநிலங்களில் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தது கட்சி அமைப்பு. அந்த அமைப்பு பதவியில் இருக்கும் அதிபரின் கையில். தெற்கு மாநிலங்களில் குடியரசுக் கட்சிக்கு வாக்காளர்களே குறைவு. அங்கிருந்து வந்த பிரதிநிதிகளில் பலர் தபால் அலுவலகப் பதவி போன்றவற்றை நம்பி இருந்தவர்கள். 1908-ல் டாஃப்டை ஜெயிக்கவைக்க ரூஸ்வெல்ட்டே பயன்படுத்திய அதே இயந்திரம் இப்போது அவருக்கு எதிராகத் திரும்பியது.

254 பிரதிநிதி இடங்கள் பற்றித் தகராறு. கட்சியின் தேசியக் குழு 235-ஐ டாஃப்டுக்கும் 19-ஐ ரூஸ்வெல்ட்டுக்கும் கொடுத்தது. இது திருட்டு என்று ரூஸ்வெல்ட் முழங்கினார். ஒரு பகுதி உண்மைதான். கலிஃபோர்னியாவில் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த இரண்டு இடங்களையே பறித்தார்கள். ஆனால் அவர் தரப்பு கிளப்பிய தகராறுகளில் நிறைய, எண்ணிக்கை காட்டுவதற்காகத் தொடுத்தவை. இதை அந்தத் தரப்புப் பத்திரிகையாளர்களே பிறகு ஒப்புக்கொண்டார்கள். ஜெயிக்கத் தேவை 540. நியாயமாகக் கிடைக்கவேண்டியதெல்லாம் கிடைத்திருந்தாலும் அவர் அந்த எண்ணைத் தொட்டிருப்பாரா என்பது சந்தேகமே.

மாநாட்டுக்கு முந்தைய நாள் இரவு, ஜூன் 17, ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் பேசினார். நாம் இறுதிப் போரின் களத்தில் நிற்கிறோம், ஆண்டவனுக்காகப் போரிடுகிறோம் என்று முடித்தார். கூட்டம் கொந்தளித்தது. இப்படிப் பேசியவர் மறுநாள் தோற்றால், எப்படித் திரும்பிப்போய் வீட்டில் உட்காருவார்? வார்த்தை அவரைக் கட்டிப்போட்டுவிட்டது.

ஹாட்லி என்ற வாய்ப்பு

மிசூரி ஆளுநர் ஹெர்பர்ட் ஹாட்லி அந்த மாநாட்டில் ரூஸ்வெல்ட் தரப்பின் தளபதி. மிசூரி அட்டர்னி ஜெனரலாக இருந்தபோது ஸ்டாண்டர்ட் ஆயில் மீது வழக்குப் போட்டவர். ரூஸ்வெல்ட்டை நிற்கச் சொல்லிக் கையெழுத்திட்ட ஏழு ஆளுநர்களில் ஒருவர். மேடையில் அமைதியாக, கண்ணியமாக வாதாடினார். அவருக்காக எழுந்த கைதட்டல் முக்கால் மணி நேரம் நிற்கவில்லை. டாஃப்ட் பக்கத்து ஆட்களும் சேர்ந்து தட்டினார்கள். ரூஸ்வெல்ட்டும் வேண்டாம், டாஃப்டும் வேண்டாம், ஹாட்லி என்று பேச்சு கிளம்பியது.

ரூஸ்வெல்ட் இதற்கு இணங்கவில்லை. தகராறுக்குரிய இடங்களை முதலில் பட்டியலிலிருந்து நீக்குங்கள், அப்புறம் யார் என்று பேசலாம் என்றார். அதற்கு எதிர்த்தரப்பு ஒருபோதும் ஒப்பாது என்பது அவருக்குத் தெரியும். இங்கேதான் 1902-ன் அந்த நாற்காலி எனக்கு ஞாபகம் வருகிறது. சுரங்க முதலாளிகளிடம் பேரை விட்டுக்கொடுத்து ஆளை உள்ளே கொண்டுவந்தவர், 1912-ல் தன் கொள்கையைத் தாங்கும் இன்னொருவரின் பேரை ஏற்கவில்லை. டாஃப்ட் தரப்பு ஹாட்லியைக் கடைசியில் ஏற்றிருக்குமா? உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ரூஸ்வெல்ட் முழு மனதோடு அதை முன்வைத்திருந்தால், மறுக்கும் பழி மறுபக்கம் விழுந்திருக்கும். ஹாட்லி வந்திருந்தால் சீர்திருத்தப் பிரிவு கட்சியைப் பிடித்திருக்கும். வராவிட்டாலும், மக்களின் வாக்கை வைத்திருந்தவர்கள் நாங்கள் என்ற நெஞ்சுநிமிர்வோடு அவர்கள் உள்ளேயே இருந்திருப்பார்கள்.

தனிக்கட்சி

ஆகஸ்ட் 5 முதல் 7 வரை அதே சிகாகோவில் முற்போக்குக் கட்சி பிறந்தது. ரூஸ்வெல்ட் தன்னை வலுவான மூஸ் மானோடு ஒப்பிட்டுப் பேசியதால் புல் மூஸ் கட்சி என்றே பேர் வந்தது. இந்த வழியின் பெருமையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. பெண்களுக்கு வாக்குரிமை, எட்டு மணி நேர வேலை, குழந்தைத் தொழிலுக்குத் தடை, பெண் தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி, நோய்க்கும் முதுமைக்கும் வேலையின்மைக்கும் சமூகக் காப்பீடு. 1912-ல் ஒரு பெரிய தலைவர் இதையெல்லாம் ஒரே அறிக்கையில் வைத்தார். சிகாகோவின் ஏழைகளிடையே ஹல் ஹவுஸ் நடத்திய ஜேன் ஆடம்ஸ் அவர் பேரை வழிமொழிந்தார். ஒரு பெண் அப்படி மாநாட்டு மேடையில் நின்றது அந்தக் காலத்துக்குச் சின்ன விஷயமல்ல. அன்று அந்தக் கட்சியில் சேர்ந்த ஹெரால்ட் இக்கஸ் இருபது ஆண்டுக்குப் பிறகு ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் அமைச்சரானார். அறிக்கையின் பல வரிகள் 1930-களில் சட்டமாயின. தனிக்கட்சி சரிதான் என்பவர்களின் வலுவான வாதம் இதுதான், நான் அதை மதிக்கிறேன்.

ஆனால் விலை என்ன?

தெற்கில் வெள்ளையர் ஆதரவைப் பிடிக்கவேண்டும் என்று ரூஸ்வெல்ட் முடிவெடுத்தார். தெற்கு மாநிலங்களிலிருந்து வந்த கருப்பினப் பிரதிநிதிகளுக்குப் புதுக் கட்சி மாநாட்டில் இடம் தரவில்லை. இனச் சமத்துவம் பற்றிக் கருப்பின உரிமைத் தலைவர் டு போய்ஸ் எழுதிக் கொடுத்த தீர்மானத்தையும் சேர்க்கவில்லை. ஜேன் ஆடம்ஸ் மனம் வருந்தினார், இருந்தும் வழிமொழிந்தார். 1884-ல் இதே ஊரில் ஜான் லிஞ்சுக்காக எழுந்து பேசிய இளைஞன் எங்கே போனான்? இவ்வளவு செய்தும் தெற்கில் ஒரு மாநிலம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. இந்த ஒரு செயலே தனிக்கட்சி வழியின் மேல் எனக்கிருந்த மயக்கத்தைப் பாதி கலைத்தது.

அடுத்து, பணம். கட்சிக்குக் காசு கொடுத்த முக்கியமானவர்கள் பத்திரிகை முதலாளி ஃபிராங்க் மன்சியும், மார்கன் வங்கியின் முன்னாள் பங்குதாரர் ஜார்ஜ் பெர்கின்ஸும். பெர்கின்ஸ் யு.எஸ். ஸ்டீலின் இயக்குநராகவும் இருந்தவர். டிரஸ்ட் எதிர்ப்புச் சட்டத்தைப் பலப்படுத்தும் ஒரு பத்தி அச்சான அறிக்கையில் காணாமல் போனது. தொண்டர்கள் கொதித்தார்கள்.

மூன்றாவது, நேரம். ஜூன் 22-லேயே ரூஸ்வெல்ட் கதவைச் சாத்திவிட்டார். ஜனநாயகக் கட்சி மாநாடு பால்டிமோரில் தொடங்கியதே ஜூன் 25-ல். அங்கே பழைய பாணி ஆள் ஒருவர் வந்திருந்தால் தனிக்கட்சிக்கு ஒரு நியாயம் இருந்திருக்கும். ஜூலை 2-ல், 46-வது வாக்கெடுப்பில், நியூஜெர்சியில் சீர்திருத்த ஆளுநர் என்று பேரெடுத்த உட்ரோ வில்சன் வேட்பாளரானார். சீர்திருத்தம் விரும்பிய வாக்காளருக்கு இப்போது இரண்டு பேர். பத்து நாள் பொறுத்திருந்தால் இது தெரிந்திருக்கும். மாநாட்டில் ரூஸ்வெல்ட் பக்கம் நின்ற ஹாட்லியும் செனட்டர் போராவும் கட்சியை விட்டு வரவில்லை.

அக்டோபர் 14-ல் மில்வாக்கியில், மூன்றாவது முறை யாரும் அதிபராகக் கூடாது என்ற பித்தில் ஒருவன் அவரைச் சுட்டான். சட்டைப் பைக்குள் மடித்து வைத்திருந்த 50 பக்கப் பேச்சும் கண்ணாடிப் பெட்டியும் குண்டின் வேகத்தைக் குறைத்தன. ரத்தம் கசியும் சட்டையோடு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் பேசிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். அந்தத் துணிச்சலை எந்த ஒப்பீட்டிலும் சிறுமைப்படுத்த முடியாது.

முடிவு: வில்சன் 41.8 சதவீத வாக்கோடு 435 தேர்வாளர் வாக்கு (அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் மாநிலவாரிப் பிரதிநிதிகளின் வாக்கு). ரூஸ்வெல்ட் 27.4 சதவீதம், 88. டாஃப்ட் 23.2 சதவீதம், வெறும் 8. சோசலிஸ்ட் டெப்ஸுக்கு 6 சதவீதம். மூன்றாம் கட்சி ஒன்று பதவியில் இருக்கும் அதிபரை முந்தியது பெரிய சாதனை. ஆனால் இரண்டு வருஷத்தில், 1914 தேர்தலில், அந்தக் கட்சி ஏறக்குறைய துடைத்தெறியப்பட்டது. பின்ஷோ பென்சில்வேனியாவில் தோற்றார். கலிஃபோர்னியா ஆளுநர் ஹைரம் ஜான்சன் ஒருவர்தான் பேர் சொல்லும்படி நின்றார்.

வில்சன் நல்ல காரியங்கள் செய்தார், மறுக்கவில்லை. மத்திய வங்கி அமைப்பு, வர்த்தக ஆணையம், 1916-ல் ரயில்வேத் தொழிலாளர்களுக்கு எட்டு மணி நேரம். அதே ஆட்சியில்தான் 1913 முதல் தபால் துறையிலும் கருவூலத்திலும் கருப்பின ஊழியர்களைத் தனியாகப் பிரித்து உட்கார வைத்தார்கள். ரூஸ்வெல்ட்டின் விலகல் நாட்டுக்கு வில்சனைக் கொடுத்தது என்றால், இரண்டையும் சேர்த்துத்தான் கொடுத்தது.

என் தேர்வு

என்னிடம் கேட்டால் வரிசை இப்படி: பிரைமரிகளில் போட்டியிட்டது சரி, அதை நான் காத்திருப்பதற்கும் மேலாகவே வைப்பேன். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அவருக்கு நேரடியாக வாக்களித்ததே ஒரு சீர்திருத்தம். கொலம்பஸ் பேச்சைத் தவிர்த்து, லா ஃபாலெட்டோடு சமாதானம் செய்துகொண்டு, சிகாகோவில் ஹாட்லியை முழு மனதாக முன்வைத்திருக்க வேண்டும். அதுவும் நடக்காவிட்டால், 1884-ல் செய்ததுபோல, கசப்பை விழுங்கிக்கொண்டு உள்ளேயே இருந்திருக்க வேண்டும். காத்திருப்பது இதற்கு அடுத்தது. தனிக்கட்சி கடைசி.

இதற்கு எதிராக எனக்கே ஒரு கேள்வி உண்டு. உள்ளே இருந்திருந்தால் அந்த ஆகஸ்ட் அறிக்கை எழுதப்பட்டிருக்குமா? அவ்வளவு முழுமையாக எழுதப்பட்டிருக்காது. அந்த இழப்பு உண்மையானது. ஆனால் வெளியேறியவர் தனியாக வெளியேறவில்லை. மாவட்டந்தோறும் உழைத்த சீர்திருத்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு போனார். அவர்கள் விட்டுப்போன கமிட்டி நாற்காலிகளில் பழைய ஆட்கள் உட்கார்ந்துகொண்டார்கள்.

1916 ஜூனில் முற்போக்குக் கட்சி மறுபடி ரூஸ்வெல்ட்டையே வேட்பாளராகத் தேர்ந்தெடுத்தது. அவர் மறுத்தார். அவர்களுக்கு மாற்றாக அவர் சொன்ன பேர் ஹென்றி கேபட் லாட்ஜ். 1884-ல் தோள்கொடுத்த நண்பர்தான், ஆனால் 1912 அறிக்கையில் இருந்த பலவற்றை எதிர்த்தவர். அந்த மண்டபத்தில் இருந்தவர்களுக்கு அது எப்படி வலித்திருக்கும்! ரூஸ்வெல்ட் குடியரசுக் கட்சிக்கே திரும்பி, அதன் வேட்பாளர் சார்லஸ் எவன்ஸ் ஹியூஸுக்காகப் பிரச்சாரம் செய்தார். ஹியூஸ் தோற்றார். கலிஃபோர்னியாவில் 4,000-க்கும் குறைவான வாக்கில் தோற்றதே தேர்தலைத் தீர்மானித்தது. ஜான்சனின் ஆட்களும் பழைய கட்சிக்காரர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத மாநிலம் அது.

1918 வாக்கில் கட்சியின் பழைய பகையாளிகளே 1920-க்கு ரூஸ்வெல்ட் என்று பேச ஆரம்பித்தார்கள். 1919 ஜனவரி 6-ல், 60 வயதில், ஆய்ஸ்டர் பே வீட்டில் தூக்கத்திலேயே அவர் இறந்துபோனார். 1920 ஜூனில் அதே சிகாகோ, அதே கொலிசியம் மண்டபத்தில் குடியரசுக் கட்சி கூடி வாரன் ஹார்டிங்கை வேட்பாளராக்கியது. 1912-ல் அந்த மேடையில் டாஃப்டின் பேரை முன்மொழிந்தவர் அவர்தான்.